படகு ஏரியின் கரைக்கு யார் பொறுப்பு?

1880 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளர் ஒரு மண் அணையைப் பார்வையிடப் போனார். அணை அவருக்குச் சொந்தமில்லை. அவரை அனுப்பிய கேம்ப்ரியா இரும்பு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பிட்ஸ்பர்க் நகரத்துப் பெரும் பணக்காரர்கள் கோடையில் வந்து தங்கி, தூண்டில் போட்டு, படகு விட்டு இளைப்பாறிப் போகும் சவுத் ஃபோர்க் மீன்பிடி வேட்டை மன்றத்துக்குச் சொந்தமானது. ஆனால் அந்த அணைக்குக் கீழே, பள்ளத்தாக்கு வழியாக 14 மைல் தள்ளி, ஜான்ஸ்டவுன் என்ற தொழில் நகரம் இருந்தது. கேம்ப்ரியா நிறுவனத்தின் உலைகளும், அவற்றில் வேலை பார்த்தவர்களின் வீடுகளும் அங்கேதான். அதனால்தான் அடுத்தவர் அணையைப் பார்க்க நிறுவனத்தின் தலைவர் டேனியல் மாரெல் ஆள் அனுப்பினார்.

ஃபுல்டன் இரண்டு பெரிய குறைகளை எழுதிக்கொடுத்தார். நீரை வடிக்க அணையில் மதகு கிடையாது. பழுதுபார்க்க வேண்டும் என்றாலும் நீர்மட்டத்தை இறக்க வழியில்லை. அடுத்தது, பழைய உடைப்பை அடைத்த வேலை ஒப்புக்குச் செய்யப்பட்டது. அங்கே பெரிய கசிவு இருக்கிறது. மன்றத்தின் தலைவர் பெஞ்சமின் ரஃப் பதில் எழுதினார். அறிக்கையில் இருந்த சின்னச் சின்னத் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிவிட்டு, எங்களால் உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று முடித்தார். செலவில் ஒரு பங்கைத் தானே தருவதாக மாரெல் சொல்லிப் பார்த்தார். அதுவும் ஏற்கப்படவில்லை. மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்தாலாவது கண்காணிக்கலாம் என்று காசு கட்டிச் சேர்ந்தார். 1885இல் இறந்துபோனார். ரஃப் 1887இல் போய்ச் சேர்ந்தார். எச்சரித்தவரும் எச்சரிக்கையைத் தட்டிக்கழித்தவரும் போன பிறகு, 1889 மே 31 அன்று அணை உடைந்தது. 2,209 பேர் மாண்டார்கள். 99 குடும்பங்கள் ஒரு ஆள்கூட மிஞ்சாமல் அழிந்தன.

இந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம், பொழுதுபோக்குக்காக வைத்துக்கொள்ளும் மண் அணைகள் எப்படிக் கெடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. அணை முதலில் நன்றாகத்தான் கட்டப்பட்டது. பென்சில்வேனியா மாநில அரசு கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் தேக்குவதற்காக 1838இல் தொடங்கி 1853இல் முடித்தது. உயரம் 72 அடி, நீளம் 931 அடி. அடியில் கல்லால் கட்டிய சுரங்கம், அதற்குள் இரண்டடி விட்டமுள்ள ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள். நீரைத் தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அணை முடிந்த கையோடு ரயில் வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது. ரயில் நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கியது. அணையை யாரும் கவனிக்கவில்லை. 1862இல் அடிச் சுரங்கம் இடிந்து கரை ஒருபுறம் உடைந்தது. ஏரியில் நீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதமில்லை. அதன்பின் 1875இல் வாங்கியவர் ஐந்து குழாய்களையும் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றார். அவரிடமிருந்துதான் 1879இல் ரஃப் வாங்கினார்.

மன்றம் உடைப்பை அடைத்தது. மண், பாறை, மரக்கிளைகள், வைக்கோல், குதிரைச் சாணம் என்று கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. கரையின் மேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக வேண்டும் என்பதற்காக முகட்டைச் சில அடிகள் செதுக்கித் தாழ்த்தினார்கள். நடுப்பகுதி போகப் போகத் தாழ்ந்து உட்கார்ந்தது. ஒரு மண் கரையில் நடு எப்போதும் ஓரங்களைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பது ஏரிக்கரை வேலை பார்த்த எவருக்கும் தெரியும்; வழிந்தால் உயரமான நடுவில் வழியக்கூடாது. இங்கே தலைகீழ். கலங்கலில் இன்னொரு வேலை செய்தார்கள். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் நீரோடு ஓடிவிடக்கூடாது என்று இரும்புக் கம்பிச் சட்டம் வைத்தார்கள்.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஏரியை இன்னும் இன்பமான இடமாக்கச் செய்தவை. வண்டி போக வசதி, மீன் தங்க வசதி. மே 30 இரவு கொட்டிய மழையில் ஏரி மணிக்கு மணி ஏறியது. கலங்கலின் கம்பிச் சட்டத்தில் மரக்கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டன. ஆட்களைக் கூட்டி முகட்டில் மண்ணேற்றிப் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு கலங்கல் வெட்டப் பார்த்தார்கள். மதகு மட்டும் இருந்திருந்தால் முதல் நாளே திறந்திருக்கலாம். பிற்பகல் மூன்று மணி வாக்கில் கரை போனது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கன மீட்டர் நீர், நம் கணக்கில் அரை டிஎம்சி, செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு, குறுகிய பள்ளத்தாக்கில் ஒரே மூச்சாக இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்து ஜான்ஸ்டவுனில் நுழைந்தபோது வழியில் இருந்த ஊர்களின் வீடுகள், ரயில் பெட்டிகள், ஆலையின் முள்கம்பிச் சுருள்கள் எல்லாம் அதோடு வந்தன. அடையாளம் தெரியாத 777 உடல்களை ஒரே இடத்தில் புதைத்தார்கள்.

மன்றத்தின் உறுப்பினர் பட்டியலில் ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி ஃபிரிக், ஆண்ட்ரூ மெலன் ஆகியோர் இருந்தார்கள். வழக்குகள் நடந்தன, ஒருவர்கூடப் பொறுப்பாக்கப்படவில்லை. கடவுளின் செயல் என்று நீதிமன்றங்கள் கைகழுவின. கார்னெகி பிற்பாடு ஜான்ஸ்டவுனுக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது வெள்ள அருங்காட்சியகம் நடக்கிறது. அமெரிக்கக் கட்டடப் பொறியாளர்கள் சங்கம் அமைத்த குழு 1890 தொடக்கத்திலேயே அறிக்கையை முடித்தும், 1891 வரை வெளியிடாமல் வைத்திருந்தது. அது சொன்ன முடிவு: முகட்டைத் தாழ்த்தாமல் இருந்திருந்தாலும் அந்த மழைக்கு அணை வழிந்துதான் உடைந்திருக்கும். இந்தத் தீர்ப்பு 125 ஆண்டுகள் நிலைத்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நாளின் நீர்வரத்தைக் கணினியில் மறுபடி கணக்கிட்டு அதை மறுத்தது. பழைய உயரமும், அடிக்குழாய்களும் இருந்திருந்தால் அணை தாங்கியிருக்கும் என்பது அதன் முடிவு. உறுப்பினர்கள் எவரும் உயிரோடு இல்லாத காலத்தில் வந்த தீர்ப்பு.

பாசன ஏரிக்கும் படகு ஏரிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பேசியாக வேண்டும். பாசன ஏரிக்கு ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும். வயலுக்குப் பாயப் பாய இறங்கும். சித்திரையில் தரை தெரியும். தரை தெரிந்தால் உட்கரையில் அலை தின்ற பள்ளம் தெரியும், சரிந்த கல் தெரியும், மதகின் அடைப்புப் பலகை உளுத்திருப்பது தெரியும், நண்டு வளை தெரியும். நீர்க்கட்டியோ மடைக்காரரோ தினம் கரையில் நடந்தார். அதற்குக் கூலியாகக் களத்தில் நெல் அளந்தார்கள். கரை போனால் தன் வயல் போகும் என்ற பயம் ஆயக்கட்டில் உள்ள எல்லோருக்கும் இருந்தது. இதையெல்லாம் சொல்வதால் பாசன ஏரி உடையாது என்று சொல்ல வரவில்லை. 1986 ஏப்ரலில் இலங்கையின் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அது பழம்பெரும் பாசனக் குளம். ஆனால் பாசன ஏரியில் கரையைக் கவனிப்பதற்கான காரணம் அதன் பயன்பாட்டிலேயே இருக்கிறது.

படகு ஏரியில் அது கிடையாது. அங்கே நீர் எங்கும் பாய்வதில்லை. இருப்பதுதான் அதன் வேலை. மட்டம் ஓர் அடி இறங்கினால் படகுத்துறை சேற்றில் நிற்கும், கரையோர வீட்டின் விலை இறங்கும், சுற்றுலாக்காரர் முகம் சுளிப்பார். எனவே ஆண்டு முழுவதும் நிரம்பியே இருக்கும். உட்கரையை எவரும் பார்ப்பதில்லை. மதகு இருந்தாலும் திறப்பதில்லை. பத்து வருடம் திறக்காத மதகை அவசரத்துக்குத் திறக்க முடியாது, துரு பிடித்து இறுகியிருக்கும். திறக்க முடிந்தாலும் மூட முடியுமா என்ற பயத்தில் யாரும் தொட மாட்டார்கள். ஏரியால் வருமானம் வந்தால் அது படகிலும் உணவகத்திலும் வரும். கரையில் காசு போடுவது செலவுக் கணக்கு மட்டும்தான். இன்பம் மேலே இருப்பவர்களுக்கு, ஆபத்து கீழே இருப்பவர்களுக்கு. கீழே இருப்பவர்களில் பலருக்கு மேலே ஏரி இருப்பதே தெரியாது.

மண் அணை உடையும் வழிகள் பெரும்பாலும் மூன்றில் அடங்கிவிடும். நீர் முகட்டுக்கு மேல் ஏறி வழிந்து வெளிச்சரிவை அரிப்பது ஒன்று. கரையே சரிந்து விழுவது இன்னொன்று. மூன்றாவதுதான் வயதான அணைகளுக்கு வரும் நோய்: நீர் கரைக்குள் வழி கண்டுபிடித்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோவது. கசிவே இல்லாத மண் கரை உலகத்தில் கிடையாது. கரை கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கசியும் நீர் என்ன நிறத்தில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெளிவாக வந்தால் அளந்து குறித்து வைத்துக்கொண்டால் போதும். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது. இதைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. கசிவு வெளியே வரும் இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, அரைமணி நேரம் ஆடாமல் வைத்தால், அடியில் வண்டல் படிகிறதா என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் அணை ஆய்வாளர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

கோடையில் கரையின் வெளிச்சரிவு முழுவதும் புல் காய்ந்து கிடக்க, அடிவாரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் கோரை பச்சென்று நின்றால் அங்கே நின்று பார்க்க வேண்டும். கரையில் வளர்ந்த மரம் அழகுதான். நடைபாதைக்கு நிழல் தருகிறது என்று வெட்ட விடமாட்டார்கள். ஆனால் அந்த மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, நீருக்குச் சுரங்கம் வெட்டிக் கொடுத்துவிடும். புயலில் சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாயும். எலி, பெருச்சாளி வளைகளுக்கும் அதே கதை. இன்னொரு மோசமான இடம் கரைக்குள் ஓடும் வடிகுழாய். அமெரிக்காவில் சிற்றணைகள் மிகுதியாகக் கட்டப்பட்ட 1950களிலும் 60களிலும் நெளிவு நெளிவான உலோகக் குழாய்களைப் பதித்தார்கள். மலிவு, எடை குறைவு. துரு பிடித்து ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் இறங்கத் தொடங்கும். மேலே கரையில் ஒரு குழி விழும்போதுதான் தெரியவரும். குழாய்க்கு வயது முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். ஏரி அழகாகத்தான் இருக்கும்.

அமெரிக்க அணைப் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. சராசரி வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெரும்பான்மை மண் அணைகள், பெரும்பான்மை தனியாருடையவை. கட்டிய நோக்கம் என்ற பத்தியில் மற்ற எதையும்விட அதிகம் காணப்படும் பதில் பொழுதுபோக்கு. இதில் பல, சவுத் ஃபோர்க் போலவே, வேறு வேலைக்காகக் கட்டப்பட்டு, அந்த வேலை முடிந்ததும் படகு ஏரியானவை.

ஜார்ஜியா மாநிலத்தில் டோக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை அப்படித்தான். 1899இல் மரச்சட்டமும் கல்லுமாகத் தொடங்கி, பிறகு மேலே மண் போட்டு உயர்த்தியது. கீழே இருந்த கிறித்தவக் கல்லூரிக்கு 1957 வரை மின்சாரம் கொடுத்தது. மின்சாரம் வேறு வழியில் வரத் தொடங்கியதும் அது பார்த்து மகிழ, மீன் பிடிக்க ஓர் ஏரி. வெளிச்சரிவு அளவுக்கு மீறிச் செங்குத்து. 1973இலேயே அதில் ஒரு பகுதி சரிந்திருந்தது, புகைப்படம்கூட இருந்தது. 1977 நவம்பர் 6, அதிகாலை ஒன்றரை மணிக்கு அணை போனது. கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாணவர்களும் குடும்பங்களுமாக 39 பேர் இறந்தார்கள். அணைகளை ஆய்வு செய்ய வேண்டும் என்று 1972லேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது, பணம்தான் ஒதுக்கவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். இந்தச் சாவுகளுக்குப் பிறகு உத்தரவு போட்டார். நான்கு ஆண்டுகளில் சுமார் 9,000 அணைகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிந்தது.

ஹவாயில் நடந்தது வேறு மாதிரி. கவாய் தீவில் கரும்புப் பாசனத்துக்காக 1890இல் கட்டிய கா லோகோ அணை, கரும்பு போன பின் ஒரு தனியார் நிலத்தில் சும்மா கிடந்தது. 2006 மார்ச் மழையில் வழிந்து உடைந்து ஏழு பேரை அடித்துப் போனது. கலங்கல் மண்போட்டு மூடப்பட்டிருந்தது என்பதே குற்றச்சாட்டு. உரிமையாளருக்கு ஏழு மாதச் சிறை. 1889க்கும் இதற்கும் இடையில் சட்டம் அவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மிச்சிகன் மாநிலத்தின் ஈடன்வில் அணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் காலத்துச் சிக்கல் அங்கேதான் முழுதாகத் தெரிகிறது. 1924இல் கட்டிய மண் அணை, சிறு மின்நிலையத்தோடு. அது தேக்கிய விக்சம் ஏரியைச் சுற்றி வீடுகள், படகுத்துறைகள். மின்சார வருமானம் அற்பம். ஏரியின் உண்மையான மதிப்பு அந்த வீடுகளில் இருந்தது. கலங்கல் போதாது, எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச வெள்ளத்தில் பாதியைத்தான் தாங்கும் என்று மத்திய எரிசக்தி ஆணையம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. உரிமையாளர் பணமில்லை என்றார். 2018 செப்டம்பரில் ஆணையம் மின் உரிமத்தைப் பறித்தது. கேட்கக் கடுமையான நடவடிக்கை. விளைவு என்னவென்றால், உரிமம் போனதும் ஆணையத்தின் அதிகாரமும் போனது. அணை மாநில அரசின் கைக்கு வந்தது. மாநிலத்தின் வெள்ள அளவுகோல் மத்திய அளவுகோலைவிடத் தளர்வானது. அடுத்த மாதமே ஒரு பார்வை. நிலைமை பரவாயில்லை என்று குறித்தார்கள்.

இடையே நீர்மட்டம் குறித்துச் சண்டை. உரிமையாளர் 2018, 2019 குளிர்காலங்களில் ஏரியை இறக்கினார். வீட்டுக்காரர்களுக்குக் கோபம். ஏரி இறங்கியதால் நன்னீர்ச் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் செத்தன என்று 2020 ஏப்ரல் 30 அன்று மாநில அரசே வழக்குப் போட்டது. மூன்று வாரத்துக்குள், மே 19 மாலை, அணை உடைந்தது. நீர் முகட்டுக்கு மேல் வழியவே இல்லை. அதற்குக் கீழே நிற்கும்போதே வெளிச்சரிவின் மணல் சில நொடிகளில் குழம்பாகிச் சரிந்தது. ஒருவர் எடுத்த காணொளியில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. கட்டியபோது சில இடங்களில் இறுக்காமல் மணலைக் கொட்டியிருந்தார்கள் என்பது 2022இல் வந்த தனிநிலை ஆய்வுக் குழுவின் கண்டுபிடிப்பு. ஏறத்தாழ நூறு ஆண்டு அந்த மணல் கரைக்குள் இருந்திருக்கிறது. எல்லோரும் கலங்கலைப் பற்றியே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கரையின் மண்ணை யாரும் சோதிக்கவில்லை. கீழே இருந்த சான்ஃபர்டு அணையும் சேர்ந்து போனது. நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியதால் ஓர் உயிரும் போகவில்லை. உரிமையாளர் நிறுவனம் ஜூலையில் திவால் மனு கொடுத்தது. ஏரிகளைத் திரும்பக் கட்டும் செலவில் ஒரு பங்கைக் கரையோர வீட்டுக்காரர்கள் மீது விதித்தபோது, அவர்களில் பலர் வழக்குக்குப் போனார்கள். ஏரி வேண்டும், மட்டம் குறையக்கூடாது, காசு மட்டும் வேறு யாராவது போட வேண்டும். அவர்களைக் குறை சொல்வது எளிது. அந்த வீட்டை வாங்கியபோது இது ஒரு நூறாண்டு மண் கரையின் பங்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பணத்துக்கு வழியே இல்லை என்பதும் சரியில்லை. நியூ ஜெர்சியில் 2004 ஜூலை மழையில் ஒரே மாவட்டத்தைச் சுற்றி இருபது அணைகளுக்கு மேல் உடைந்தன. அந்த மாநிலம் ஏரிச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுத்து அணைகளைச் சீராக்க வைக்கிறது. மறுபக்கம், தென் கரோலினாவில் 2015 அக்டோபர் மழையில் ஏறக்குறைய ஐம்பது அணைகள் போயின. அவற்றில் பல, குடியிருப்போர் சங்கங்கள் அழகுக்காக வைத்திருந்த ஏரிகள். மேலே ஒன்று உடைந்து கீழே உள்ளதை உடைத்தது.

சட்டம் கறாராக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். 1925இல் வேல்ஸின் டோல்கராக் அணை விபத்துக்குப் பிறகு 1930இலேயே நீர்த்தேக்கச் சட்டம் கொண்டுவந்த நாடு. பத்தாண்டுக்கொரு முறை தகுதிபெற்ற பொறியாளர் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்துச் சில மாதங்களுக்குள், 2019 ஆகஸ்ட் 1 அன்று, வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே டாட்புரூக் அணையின் கலங்கல் தளம் பெயர்ந்து மண் கரை அரிக்கத் தொடங்கியது. பழைய கால்வாய்க்கான அணை. அப்போது பாய்மரப் படகு மன்றம் அங்கே இயங்கியது. 1,500 பேரை வெளியேற்றி, விமானப்படை ஹெலிகாப்டர் நூற்றுக்கணக்கான டன் கல்லைக் கொண்டுவந்து கொட்டியது. நீரை இறைத்து இறக்கிய பிறகே ஊர் மூச்சுவிட்டது. அங்கேயும் கடைசியில் காப்பாற்றியது நீரை இறக்கும் வேலைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். மலைவாசத்தலங்களில் ஏரி வெட்டிப் படகு விடும் பழக்கத்தை வெள்ளைக்கார ஆட்சியர்கள் தொடங்கினார்கள். ஊட்டியில் 1820களில் ஜான் சல்லிவன், கொடைக்கானலில் 1863இல் வெர் லெவிஞ்ச். இப்போது தனியார் விடுதிகளும், மனைப்பிரிவு போடுபவர்களும் ஓடையை மறித்து ஏரி கட்டி விளம்பரம் செய்கிறார்கள். இவற்றின் கரைகளைக் கண்காணிக்க 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் போதுமா என்று கேட்டால், அந்தச் சட்டம் அளவுகோலை மீட்டரில் வைத்திருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் அதன் கீழ் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், முகட்டு நீளம் 500 மீட்டராவது இருக்க வேண்டும், அல்லது 10 லட்சம் கன மீட்டராவது கொள்ள வேண்டும், அல்லது இன்னும் சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே எதுவானாலும் கணக்கில் இல்லை.

39 பேரைக் கொன்ற கெல்லி பார்ன்ஸ் அணையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். உயரம் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் 120 மீட்டர் அளவு. அன்றிரவு அதில் இருந்த நீர் எட்டு லட்சம் கன மீட்டருக்குள். உயரம், நீளம், கொள்ளளவு என்ற அளவுகளை மட்டும் வைத்தால் நம் சட்டம் அதைக் கண்டுகொண்டிருக்காது. அமெரிக்காவில் பட்டியல் போடும்போது அணை எவ்வளவு உயரம் என்பதோடு, உடைந்தால் கீழே ஆள் சாவார்களா என்றும் கேட்கிறார்கள். ஓர் ஆள் சாக வாய்ப்பிருந்தாலே அது உயர் ஆபத்து அணை. இந்தக் கேள்வியை நம் சட்டம் பெரிய அணைகளிடம் மட்டும் கேட்கிறது. மலைச் சரிவில், ஓடையின் இரு கரையிலும் வீடுகள் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் ஊர்களில், எட்டு மீட்டர் கரைகூட அந்தக் கேள்விக்கு உட்பட்டதுதான்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. படகு ஓடும் ஒவ்வொரு ஏரிக்கும் நீரை முழுதாக இறக்கக்கூடிய மதகு இருந்தே ஆக வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஊர் பார்க்க அதைத் திறந்து மூடிக்காட்ட வேண்டும். மதகு இல்லாத ஏரிக்குப் படகு உரிமம் கொடுக்கக் கூடாது. படகுச் சீட்டில் ஒரு பங்கு கரைக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும்; வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கொரு முறை, சுற்றுலாப் பருவம் முடிந்த பின், ஏரியை இறக்கி உட்கரையைப் பார்க்க வேண்டும். சுற்றுலாத் துறை முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். தனியார் ஏரி என்றால், கரையைக் கவனிக்கவோ கடைசியில் அகற்றவோ ஆகும் பணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கட்டச் சொல்ல வேண்டும். ஈடன்வில்லில் நடந்ததுபோல உடைந்த பிறகு திவாலாகிப் போக வழி இருக்கக் கூடாது. கலங்கலில் மீன் வலையோ தடுப்போ மணல் மூட்டையோ வைப்பவர் யாராயிருந்தாலும், ஊராட்சியாகவே இருந்தாலும், குற்ற வழக்கு.

இதற்கெல்லாம் டெல்லி சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீர் தேக்கமும் கரைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனத்தில் இருக்கின்றன. மத்தியச் சட்டம் தொடாமல் விட்ட சிறு அணைகளுக்குச் சட்டமியற்ற மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கீழே குடியிருப்புள்ள கரை, உயரம் எவ்வளவானாலும், பதிவு செய்யப்பட வேண்டும், ஆண்டுதோறும் பார்வையிடப்பட வேண்டும், அந்த அறிக்கை கீழே வாழ்பவர்களின் கைக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும். அடுத்த கூட்டத் தொடரில் இதற்கான மசோதாவை நீர்வளத் துறை அமைச்சர் கொண்டுவர வேண்டும்.